மண்டபமும் தையல் மெஷினும்

சென்ற சித்திரைக்குச் சில வாரங்கள் முன்பு, அக்கா மகனுக்குச் சல்லடம் தைக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுவதாக அவனுக்கு ஒரு நேர்த்தி. எங்கள் வீட்டில் இது நாலாவது தலைமுறை. ஆனையூரிலிருந்து பஸ் பிடித்து, சிம்மக்கல்லில் இறங்கி, கால் போன வழியே போனேன். கால் நேரே புது மண்டபத்துக்குத்தான் போயிற்று. அங்கே கடைகள் இல்லை. அது எனக்குத் தெரியாத விஷயமல்ல. கடைகளைக் காலி செய்தபோது பத்திரிகைகளில் படித்திருக்கிறேன், நண்பர்களோடு விவாதித்திருக்கிறேன், அதற்கு ஆதரவாகப் பேசியும் இருக்கிறேன். ஆனாலும் கால் போயிற்று. அறிவுக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிய இன்னும் சில வருஷங்கள் ஆகும் போலிருக்கிறது.

ஆனையூர் என்றதும் உசிலம்பட்டிப் பக்கத்து ஆனையூரை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அங்கே பழைய சிவன் கோயில் இருக்கிறது, கல்வெட்டுகள் இருக்கின்றன. நான் சொல்வது வைகைக்கு வடக்கே, 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஆனையூர். இங்கே சுற்றுலாக் கையேட்டுக்காரர் பேனாவை எடுக்கும்படியாக ஒன்றும் இல்லை. வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின, வீடுகளில் நகரத்தின் உள்ளேயிருந்து வெளியேறியவர்கள் குடியேறினோம். தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஏழு குடித்தனம் இருந்த வளவில் நான் பிறந்தேன். வளவை உடையவர்கள் விற்றார்கள். அந்த இடத்தில் இப்போது ஜவுளிக் குடோன். ஏழு குடித்தனத்தில் மூன்று ஆனையூர்ப் பக்கம் வந்தது. மற்ற நாலும் எங்கே போயின என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

புது மண்டபத்தைப் பற்றிச் சில தகவல்கள் சொல்ல வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காக மட்டுமல்ல. உள்ளூர்க்காரர்களான நாமும் அதைப் பார்த்ததில்லை. மீனாட்சி கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம் இது. வைகாசியில் அம்மனும் சுவாமியும் வந்து காற்று வாங்குவதற்காக. சுற்றிலும் நீர் நிற்கும்படி ஓர் அகழி போன்ற பள்ளம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 333 அடி நீளம், 105 அடி அகலம் என்று பெர்குஸன் தன் இந்தியக் கட்டடக் கலை வரலாற்றில் 1876-ல் அளவு கொடுத்திருக்கிறார். 124 தூண்கள். நடு வரிசைகளில் விசுவநாதர் தொடங்கித் திருமலை வரை நாயக்க மன்னர்கள், ராணிகளோடு, ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார்கள். ஊர்த்துவ தாண்டவமும், காளியும், கல் யானை கரும்பு தின்ற கதையும் தூண்களில் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் மதுரையைப் படம் பிடித்தபோது இந்த மண்டபத்தையும் விடவில்லை.

இதையெல்லாம் நான் புத்தகத்தில்தான் படித்தேன். நேரில் நான் பார்த்தது வேறு. தூணுக்குத் தூண் இடைவெளியில் கடை. முந்நூறு கடைகள் வரை இருந்தன. புத்தகக் கடை, பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைகள், பள்ளிக்கூட நோட்டு, எவர்சில்வர், பித்தளை, வளையல், கல்யாணச் சாமான், தாலிக் கயிறு. தையல்காரர்கள் வரிசையாக. சாமிக்குச் சாத்தும் பட்டுப் பாவாடை, தேருக்குத் தொங்கவிடும் தொம்பை, கருப்பசாமி வேஷத்துக்குச் சல்லடம், ஜரிகைக் குல்லாய், பரத நாட்டிய உடை, பள்ளிக்கூட நாடகத்துக்குக் கட்டபொம்மன் உடை, எல்லாம் அங்கேதான். யாளியின் வாய்க்குள் ஒரு தையல்காரர் ஊசி நூல் செருகி வைத்திருப்பார். ஒரு நாயக்கர் தோளில் அளவு டேப் தொங்கும். விசுவநாதரா முத்து வீரப்பரா என்று எனக்கு அப்போது தெரியாது. பாய் கடை நாயக்கர், அவ்வளவுதான்.

ஆம், பாய் கடை. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் திரி எடுத்து ஆடுகிறவர்களுக்கும் உடை தைத்துக் கொடுத்தவர்களில் முஸ்லிம் தையல்காரர்கள் பலர். இதை மத ஒற்றுமை என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். அவர்களுக்கோ என் தாத்தாவுக்கோ அந்த வார்த்தை தெரிந்திருக்க நியாயமில்லை. பாய் தைத்தால் சல்லடம் அக்குளிலும் தொடையிலும் பிடிக்காது, ஆற்று மணலில் ஆறு மணி நேரம் ஆடலாம் என்பதுதான் காரணம்.

சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் கூட்டம் ஒன்றில் நான் ஒரு கட்டுரை வாசித்தேன். கடைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கே உரிய தோரணையில் ரஸ்கினை இழுத்திருந்தேன். ‘ஞாபகத்தின் விளக்கு’ என்று 1849-ல் அவர் எழுதிய அத்தியாயத்தில், பழைய கட்டடங்கள் நம்முடையவை அல்ல, அவற்றைக் கட்டியவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் உரியவை என்று வாதிடுகிறார். அதை வைத்துக்கொண்டு வளையல்காரரை விரட்டினேன். ஆணி அடித்த தூண்கள், எண்ணெய்ப் பிசுக்கு, மின்சார ஒயர், சிற்பத்தின் மூக்கில் தொங்கும் பிளாஸ்டிக் பை என்று ஒரு ஜாபிதா போட்டேன். அந்த ஜாபிதாவில் ஒன்றுகூடப் பொய்யில்லை. 2018 பிப்ரவரி 2-ந் தேதி இரவு கோயிலுக்குள் வீர வசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் தீப்பிடித்து, கல் தூண்கள் வெடித்து, மேல்தளம் விழுந்தபோது, நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற ஓர் அல்ப சந்தோஷம்கூட எனக்கு இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. கோயிலுக்குள் இருந்த கடைகள் போயின. மதுரை 2016-லேயே ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்திருந்தது. குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சி வணிக வளாகம் கட்டியது. புது மண்டபக் கடைகள் அங்கே மாற்றப்பட்டன. சித்திரை வீதிகளில் கல் பாவினார்கள். விளக்குத் தூணையும் பத்துத் தூணையும் துலக்கினார்கள். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது.

மதுரையின் சரித்திரத்தைப் பாதுகாப்பின் சரித்திரமாக எழுத முடியாது. இடிப்பின் சரித்திரமாக எழுதினால் கொஞ்சம் சரியாக வரும். திருமலை நாயக்கர் தன் அரண்மனையைக் கட்டினார். இரண்டு தலைமுறைகூடத் தாங்கவில்லை. சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையைப் பிரித்து எடுத்துப் போனார். போனது போக நின்றதில் பத்துத் தூண்கள் ஒரு சந்தில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டன; சந்துக்கே பத்துத் தூண் சந்து என்று பெயர். மிச்சமிருந்த சொர்க்க விலாசத்தை நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த காலத்தில் பழுது பார்த்தார்கள், எதற்கு என்றால் கோர்ட்டு நடத்த. 1970 வரை அங்கே வழக்காடினார்கள். மஹாலைச் சுற்றி நெசவாளர்களின் தெருக்கள் வளர்ந்தன; அந்தத் தெருக்களுக்குப் பெயர்கூட மஹால் ஒன்றாவது, இரண்டாவது என்று எண்தான். அரண்மனையின் சடலத்தின் மேல் ஒரு ஊர் பிழைத்தது.

கோட்டையின் கதை இன்னும் விசேஷம். விசுவநாத நாயக்கர் எழுப்பிய கோட்டை, 72 கொத்தளங்கள் என்பது கணக்கு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்தார். கஜானாவில் அதற்குப் பணம் இல்லை. ஆகவே மதிலை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுப்பது என்று ஏற்பாடு. ஜனங்கள் தங்கள் செலவில் இடித்தார்கள், தங்கள் மண்வெட்டியால் தூர்த்தார்கள், அதன்மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். வெளி வீதிகள் பிறந்தது இப்படித்தான். வேலையை மேற்பார்த்த மாரெட் பெயரிலும் பெருமாள் மேஸ்திரி பெயரிலும் இன்றும் வீதிகள் உண்டு. நெல்ஸன் 1868-ல் எழுதிய மதுரை மானுவலைப் புரட்டுகிற எவருக்கும் அந்தக் காலத்து அதிகாரிகள் இதை எவ்வளவு திருப்தியோடு பார்த்தார்கள் என்பது புரியும். காற்றோட்டம், சுகாதாரம், விஸ்தரிப்பு. இடித்த கலெக்டருக்கு நன்றியாக ஊர் ஒரு விளக்கு நட்டது. அதுதான் விளக்குத் தூண். ஒரு நாசத்துக்கு வைத்த ஞாபகச் சின்னத்தை இப்போது புராதனச் சின்னம் என்று நாம் பூசி மெழுகிப் பாதுகாக்கிறோம். இதில் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. விளக்குத் தூணுக்குப் பக்கத்தில் கடலை வாங்கித் தின்று வளர்ந்தவன் நான். அதைப் பெயர்த்தால் நானும் கூச்சல் போடுவேன்.

இவ்வளவும் சொல்லக் காரணம், ‘ஒரிஜினல்’ என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி. 1636-ஐ ஒட்டி எழுந்த அரண்மனையா, கோர்ட்டு நடந்த அரண்மனையா? தெய்வங்கள் காற்று வாங்கிய மண்டபமா, பாய் தைத்த மண்டபமா? சிறுபத்திரிகைக்காரர்கள் எல்லோரும் எலியட்டின் 1919-ம் வருஷத்துக் கட்டுரையைப் படித்தவர்கள். புதிதாக ஒரு படைப்பு வந்து சேரும்போது ஏற்கெனவே இருக்கிறவற்றின் ஒழுங்கு முழுவதுமே சற்று மாறி அமைகிறது என்ற கருத்தைக் கவிதைக்கு நாம் சிரமமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம். மண்டபத்துக்கு ஒப்புக்கொள்வதில்லை. அங்கே கடைசியாக வந்து சேர்ந்தது தையல் மெஷின் என்பதால் நமக்குக் கூச்சம்.

மதுரைத் தூண்கள் சில, மனிதர் யாருமே தொந்தரவு செய்யாத இடத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. பிலடெல்பியாவில். ஆடலைன் பெப்பர் கிப்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1912-ல் மதுரைக்கு வந்தபோது மதனகோபால சுவாமி கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த சிற்பத் தூண்களையும் துண்டுகளையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். யுத்த காலத்தில் பிரான்சில் ஊழியம் செய்யப் போய் அங்கேயே இறந்தும் போனார். 1919-ல் அவர் குடும்பம் அவற்றை மியூசியத்துக்குக் கொடுத்தது. பிற்பாடு அவற்றை ஒரு மண்டபமாகக் கோத்து நிறுத்தினார்கள். நார்மன் பிரௌன் 1940-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். படங்களில் பார்த்திருக்கிறேன். அழகாக வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, ஆணி கிடையாது. நான் கட்டுரை வாசித்தபோது என் மனசில் இருந்த புது மண்டபம் மதுரையில் இல்லை, பிலடெல்பியாவில்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

உலகம் முழுக்க இதே கதை பல தடவை நடந்திருக்கிறது. சிரியாவில் பால்மைராவின் பேல் கோயிலுக்குள் ஒரு கிராமமே குடியிருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் 1929-ஐ ஒட்டி அவர்களை வெளியேற்றிப் புது ஊர் கட்டிக் கொடுத்துக் கோயிலைச் ‘சுத்தம்’ செய்தார்கள். 2015-ல் அந்தக் கோயிலை வெடி வைத்துத் தகர்த்தபோது அதற்குள் வசித்தவர் யாருமில்லை. நமக்குப் பக்கத்திலேயே ஹம்பி. விருபாட்சர் கோயில் தேர் வீதியின் மண்டபங்களில் வீடும் கடையுமாகக் குடும்பங்கள் இருந்தன. 1986-ல் ஹம்பி உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 2011 ஜூலையில் புல்டோசர் வந்தது. பினாங்கில் ஜார்ஜ் டவுன் வேறு மாதிரி. அங்கே புல்டோசர் வரவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-ல் ரத்து செய்து 2000-த்திலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த சீனர், தமிழர், மலாய்க்காரர் பலர் வாடகை கட்டுபடியாகாமல் கிளம்பினார்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. கலாசாரப் பன்மைக்காகத்தான் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சர்வதேச ஸ்தாபனங்கள் இதை உணராமல் இல்லை. 1948-ன் மனித உரிமைப் பிரகடனம் 27-வது ஷரத்திலேயே, தான் சார்ந்த சமூகத்தின் கலாசார வாழ்வில் பங்கேற்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. 1964-ன் வெனிஸ் சாசனம் கல்லைப் பற்றியே பெரும்பாலும் பேசியது. 2003-ல் யுனெஸ்கோ, கல்லில்லாத பாரம்பரியம் என்று ஒன்று உண்டு என ஒப்பந்தம் போட்டது. 2011-ல் பழைய நகரங்களை அங்கே வாழ்கிறவர்களோடு சேர்த்துப் பார்க்கச் சிபாரிசு செய்தது. நம் சட்டங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. 1966-ம் வருஷத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் சட்டத்துக்குச் சின்னம் தெரியும், அதன் எல்லை தெரியும், அத்துமீறி நுழைபவர் தெரியும். உள்ளே இருப்பவர் என்று ஒருவரை அதற்குத் தெரியாது. 2012-ல் பாரம்பரியக் கமிஷன் சட்டம் என்று ஒன்று நிறைவேற்றிவிட்டுப் பல வருஷங்கள் கமிஷன் இல்லாமலே வைத்திருந்தார்கள். அரசியல் சட்டத்தின் 29-வது ஷரத்து தனக்கென்று மொழி, எழுத்து, கலாசாரம் உள்ள எந்தப் பகுதியினரும் அதைப் பேணிக்கொள்ளலாம் என்கிறது. தையல்காரருக்கும் பாத்திரக் கடைக்காரருக்கும் புத்தகக் கடைக்காரருக்கும் பொதுவாக மொழி இருக்கிறது, எழுத்து இருக்கிறது. தனக்கென்று கலாசாரம் என்று கோர்ட்டில் எதைக் காட்டுவார்கள்? வாடகை ரசீதைத்தான்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் இது ஒரு புலம்பலாகியிருக்கும். சமூகத்தின் உரிமை என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொள்ள மதுரைக்காரனால் முடியாது. 1897-ல் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு மதுரைக் கோர்ட்டில் தொடங்கி, சென்னை போய், 1908-ல் லண்டன் ப்ரிவி கவுன்சிலில் முடிந்தது. நாடார்கள் தோற்றார்கள். எதனால்? வழக்கம் என்ற ஒன்றால். வழக்கம் என்பது ஒரு சமூகத்தின் சொத்து, அதைக் காப்பாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு என்று மூன்று கோர்ட்டுகளும் கருதின. இன்றைய பாஷையில் பெயர்த்தால் அதுவும் ஒரு கலாசார உரிமைதான். 1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதய்யர் கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனபோது பட்டர்கள் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள். அவர்களும் பாரம்பரியத்தைப் பாதுகாப்பதாகவே நினைத்தார்கள். அதே வருஷம் சட்டம் வந்திராவிட்டால் அந்தப் பாதுகாப்பு வெகுகாலம் நீடித்திருக்கும்.

ஆகவே நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். பிறரை வெளியே நிறுத்துவதற்காகக் கேட்கப்படும் உரிமை ஒன்று. பங்கெடுப்பதற்காகக் கேட்கப்படும் உரிமை இன்னொன்று. இரண்டும் ஒரே சொற்களைப் பயன்படுத்தும், ஒரே மாதிரி கண்ணீர் விடும். கமுதியில் கேட்கப்பட்டது முதலாவது. பாய் தன் மெஷினைப் போட்டிருந்தது இரண்டாவது. அவர் நேர்த்திக்காரனும் இல்லை, பூசாரியும் இல்லை, கோயில் சம்பிரதாயத்தில் அவருக்கு இடமும் இல்லை. ஆனால் அழகர் திருவிழாவில் அவருக்கு ஒரு வேலை இருந்தது; கோபுரத்துக்கு எதிரில் உட்கார்ந்து அதைச் செய்தார். தொ. பரமசிவன் தன் அழகர் கோயில் ஆராய்ச்சியில், வெவ்வேறு சாதியார் இந்தத் திருவிழாவோடு எப்படிப் பிணைந்திருக்கிறார்கள் என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தப் பிணைப்பில் ஒரு நூலைப் போலத்தான் தையல் கடையும். அந்த நூலுக்குக் கோபுரத்தின் எதிரே இருப்பது ஒரு அங்கீகாரம். முகவரி மாறுவதால் தையல் கெட்டுவிடாது. அங்கீகாரம் போய்விடுகிறது.

கடைகளைத் திரும்பக் கொண்டுவந்து தூணில் ஆணி அடிக்கச் சொல்கிறேனா? இல்லை. தீ பயம் நிஜம். கல் போனால் போனதுதான். கடைகள் வெளியேற வேண்டியிருந்தது என்பதில் என் அபிப்ராயம் மாறவில்லை. மாறியது வேறொன்று. கல்லின் ஒவ்வொரு கீறலையும் அளந்து எழுத நம்மிடம் ஆட்கள் உண்டு, படிகள் எடுக்கத் துறை உண்டு. அந்த மண்டபத்தில் எந்தத் தூணடியில் யார் உட்கார்ந்திருந்தார், என்ன தைத்தார், சல்லடத்தின் வெட்டு எத்தனை துண்டு, தொம்பைக்குத் துணி எங்கிருந்து வந்தது, பெரிய எழுத்துப் புத்தகங்களை எந்த ஊர்க்காரர் வாங்கிப் போனார் என்று எழுதிவைத்த ஒருவரை நான் தேடியவரை காணவில்லை. அந்தக் கட்டுரையை எழுதிய நானும் அதைச் செய்யவில்லை. வைகாசி வசந்த விழாவுக்கு மண்டபம் சுவாமிக்கு, சித்திரைக்கு முந்தின ஒரு மாதம் மெஷின் இல்லாமல் வெறும் ஊசி நூலோடு தையல்காரருக்கு என்று யாராவது யோசித்திருக்கலாம். சிரிப்பாகத்தான் இருக்கும். தெய்வத்துக்குக் காற்று வாங்க 333 அடி மண்டபம் என்பதும் ஒரு காலத்தில் யோசனையாகத்தான் இருந்தது.

பாங்கில் என் மேஜைக்கு வருகிற காகிதங்களிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். மாசி வீதிகளுக்கு உட்பட்ட பழைய வீடுகளின் மேல் கடன் கேட்டு வருவார்கள். மதிப்பீட்டாளர் சர்டிபிகேட் கொடுப்பார். மனை சதுர அடிக்கு இவ்வளவு என்று கண் பிதுங்கும் தொகை. கட்டடத்தின் மதிப்பு என்ற பத்தியில் தேய்மானம் போக ஒன்றுமில்லை. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர், தேக்கு உத்திரம், மெட்ராஸ் தட்டோடு, முற்றம், எல்லாம் சேர்ந்து பூஜ்யம். இது மதிப்பீட்டாளரின் தப்பல்ல, விதி அப்படி. அந்தப் பூஜ்யத்தைத்தான் வாரிசுகள் கடைசியில் நம்புகிறார்கள். இடித்தால்தான் மனை மதிப்பு கைக்கு வரும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997-லேயே அரசாணை உண்டு. கோபுரம் தெரிய வேண்டும் என்பதற்காக. கோபுரத்தைப் பார்க்கிறவர் எங்கிருந்து பார்ப்பார் என்பதைப் பற்றி ஆணையில் பேச்சில்லை. விதியை மீறி உயர்ந்த லாட்ஜ் மொட்டை மாடிகளிலிருந்து நாலு கோபுரமும் நன்றாகத் தெரிகின்றன. அதற்குத் தனி வாடகை. ஆனையூரில் என் மாடியிலிருந்து தெரியவில்லை.

ஜி. நாகராஜன் 1981-ல் இந்த ஊரில்தான் இறந்தார். அவருடைய கதைகளின் சந்துகளையும் அவற்றில் திரிந்த மனிதர்களையும் எந்தப் புராதன நடைபாதை வரைபடத்திலும் போடமாட்டார்கள். போட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பேனாக்காரர்கள் நம்புகிற மதுரைக்கும் துறைக்காரர்கள் துலக்குகிற மதுரைக்கும் உள்ள தூரத்தைச் சொல்ல நினைத்தேன்.

கல் பாவிய சித்திரை வீதியில் அம்மாவை ஒரு மாலை கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டோ ஹாரன் இல்லை. அம்மா நிதானமாக நடந்தாள், உட்கார்ந்தாள், நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றாள். புது மண்டபத்துப் பக்கம் வந்தபோது மட்டும், “இங்கன என்னடா வாங்கணும்னு வந்தோம்?” என்று கேட்டாள். ஒன்றும் வாங்க வரவில்லை என்றேன். சிறிது நேரம் பேசாமல் வந்தாள்.

சல்லடத்துக்கு வருகிறேன். குன்னத்தூர் சத்திர வளாகத்தில் விசாரித்து விசாரித்துப் பாயைக் கண்டுபிடித்தேன். ஷட்டர் போட்ட கடை, டியூப் லைட், டைல்ஸ் தரை. மெஷின் அதேதான். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். என்னை அடையாளம் தெரியவில்லை. தாத்தா பெயரைச் சொன்னதும் தெரிந்தது.

“உங்க தாத்தாவுக்கு இடது தொடை கொஞ்சம் பெருசு தம்பி. சல்லடத்துல அந்தப் பக்கம் அரை இஞ்சு விட்டுத்தான் வெட்டுவேன்.”

எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் இது. தாத்தா செத்து இருபது வருஷமாகிறது.

“இங்க எப்படி இருக்கு பாய்?”

“மழை ஒழுகாது. எலி இல்ல. லைட்டு இருக்கு.” பையனைத் திருப்பி நிறுத்தித் தோளை அளந்தார். “அங்க சாமிக்கு அர்ச்சனை பண்ணிட்டு வெளிய வர்றவன் நம்மளப் பாத்துட்டு, அடடா நேர்த்தி இருக்கேன்னு ஞாபகம் வந்து அளவு குடுத்துட்டுப் போவான். இங்க, ஞாபகம் இருக்குறவன்தான் வர்றான்.”

அளவுகளைப் பழைய நோட்டு ஒன்றில் பென்சிலால் எழுதினார். அட்வான்ஸ் கொடுத்தேன். கார்பன் வைத்து ரசீது போட்டுக் கிழித்தார். மேலே கடைப் பெயருக்குக் கீழே புது மண்டபம், மதுரை-1 என்று அச்சடித்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பழைய புக்கு இன்னும் ஆறு கட்டு கிடக்கிறது, தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.